அமுக்கராக் கிழங்கு: கடைப் பலகையிலிருந்து கேப்சூல் வரை

அமுக்கரா கத்தரிக் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் வித்தானியா சோம்னிஃபெரா, வடக்கே அசுவகந்தா. இடுப்பளவு வளரும். தண்டிலும் இலையிலும் சாம்பல் பூத்தாற்போல் மென்மயிர் படர்ந்திருக்கும். சிவந்த பழம் சொடக்குத் தக்காளியைப் போல மெல்லிய உறைக்குள் ஒளிந்திருக்கும். உள்மருந்துக்கு எடுப்பது வேரை மட்டும். கடைகளில் கிழங்கு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் அது சதைப்பற்றுள்ள ஆணிவேர்.

தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளுக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் வட்டாரத்தில் விளைவது. ஜூலை, ஆகஸ்டில் விதைப்பார்கள். இலை காய்ந்து பழம் சிவக்கும்போது, ஜனவரி முதல் மார்ச்சுக்குள், வேரோடு பிடுங்குவார்கள். வேரைத் தண்டிலிருந்து வெட்டி, கழுவி, துண்டுபோட்டு, வெயிலில் காயவைத்து மண்டிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தரம் பிரித்து ஏலம் போன சரக்குதான் சென்னை ராசப்ப செட்டித் தெரு, விருதுநகர், மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கு மூட்டையாக வந்து இறங்குகிறது. ‘சீமை அமுக்கரா’ என்று கடைக்காரர்கள் சொல்வது இந்தப் பயிர்ச் சரக்கை. வேலியோரத்தில் தானாக முளைக்கும் நாட்டு அமுக்கராவின் வேர் மெலிந்து நார் ஏறிப்போயிருக்கும். அதைப் பெரும்பாலும் வெளிப்பூச்சுக்கே எடுப்பார்கள்.

முதல் தர வேர் விரல் கனத்தில், ஏழு சென்டிமீட்டர் வரை நீளமாக, நேராக இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தால் சடக்கென்று முறியும். முறிந்த இடம் மாவைப்போல வெளுத்திருக்கும். கடைசித் தரம் குச்சி குச்சியாக, உள்ளே மஞ்சளோடி, ஒடிக்கும்போது நார் விட்டு வளையும். அனுபவப்பட்ட கடைக்காரர் மூட்டையைப் பிரித்ததும் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒடித்துப் பார்ப்பார், ஒரு துணுக்கைக் கடித்துப் பார்ப்பார். நல்ல வேர் முதலில் மாவாகக் கரைந்து பிறகு கசக்கும். மாவுச்சத்து மிகுந்த சரக்கு என்பதால் வண்டு சீக்கிரம் விழும். ஊசித் துளையும் அடியில் பொடியும் தெரிந்தால் அந்த மூட்டை வேண்டாம் என்று திருப்பிவிடுவதே முறை. இந்தச் சோதனை எதையும் தூளில் செய்ய முடியாது. தண்டும் இலையும் சேர்த்து அரைத்த தூளைக் கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. வேராக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள் என்று பழைய கடைக்காரர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

வேரை அப்படியே இடித்து உள்ளுக்குக் கொடுப்பது சித்த மருத்துவத்தின் வழக்கமன்று; சுத்தி செய்த பிறகே மருந்தாகும். அமுக்கராவுக்குச் சுத்தி, பாலில் பிட்டவியல். வாயகன்ற மண்பானையில் பசும்பாலும் தண்ணீரும் சரிபாதியாக அரைப்பானைக்கு ஊற்றி, வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி வேடு செய்கிறார்கள். இடித்துச் சலித்த தூளைச் சிறிது பால் தெளித்துப் பிசறி, துணிமேல் பரப்பி, மேலே சட்டியைக் கவிழ்த்து மூடி, சிறு தீயில் பிட்டு அவிப்பதைப் போலவே அவிக்கிறார்கள். தீ மிஞ்சினால் பால் பொங்கித் துணியை நனைக்கும். நனைந்த தூள் கட்டிபட்டுப் புளித்துவிடும். பக்குவமாக அவிந்தால் பச்சை வேரின் காட்டமான வாடை அடங்கிப் பால்மணம் ஏறும். அதை வெயிலில் உலர்த்தி, மறுபடி இடித்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்ய வேண்டும். ஒரு நாள் வேலை. பால்செலவு, விறகுச்செலவு, ஆள்கூலி எல்லாம் உண்டு. அவசரச் சந்தையில் முதலில் கைவிடப்படுவது இந்த வேலை. பாக்கெட்டில் ‘அமுக்கராப் பொடி’ என்று மட்டும் இருந்தால் அது சுத்தி செய்ததா, பச்சைத் தூளா என்று கேட்டே வாங்க வேண்டும்.

சுத்தி செய்த அமுக்கராவும் தனியாக வருவது குறைவு. சித்த மருத்துவத்தில் மிகுதியாக வழங்கும் வடிவம் அமுக்கராச் சூரணம். அதன் அளவுமுறை மனப்பாடம் செய்ய எளிது: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதைப்போல இருமடங்கு. கூட்டினால் 255 பங்கு. அதாவது சூரணத்தில் அமுக்கரா கால்பங்கு, சர்க்கரை பாதி. ஒரு வேளைக்கு 4 கிராம் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் போவது ஏறக்குறைய 1 கிராம் அமுக்கரா, 2 கிராம் சர்க்கரை. இந்தக் கணக்கு இரண்டு விதத்தில் பயன்படும். சர்க்கரை நோயாளிக்கு இதை யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. இந்த மருந்தின் பழைய அளவு எவ்வளவு சிறியது என்பதும் இதிலிருந்து விளங்கும். சேர்க்கையில் உள்ள சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகு. வேரின் மாவுச்சத்து மந்தம் பண்ணாமல் செரிக்க வைப்பது அவற்றின் வேலை. சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம் என்பது பழைய கணக்கு. காற்றுப்பட்டால் ஏலமும் கிராம்பும் மணம் இழக்கும், சர்க்கரை நீர்க்கும்.

பாலில் அல்லது நெய்யில் குழைத்து, பெரும்பாலும் இரவில், ஒரு மண்டலம் சாப்பிட்டு நிறுத்துவது வழக்கம். உடல் தேறாத பிள்ளைகள், நெடுநாள் காய்ச்சலில் இளைத்தவர்கள், மூட்டுவலியும் தூக்கக் குறைவும் உள்ள முதியவர்கள் ஆகியோருக்கு மருத்துவர்கள் இதை எழுதினார்கள். எழுதும் முன் நாடி பார்த்தார்கள், பசி எப்படி, மலம் எப்படி என்று கேட்டார்கள். அமுக்கரா வெப்பத் தன்மை உள்ளது. பித்த உடம்புக்காரருக்கும் வயிற்றெரிச்சல் உள்ளவருக்கும் அளவைக் குறைத்தார்கள், அல்லது வேறு மருந்துக்குப் போனார்கள். அந்தக் கேள்விகள் மருந்தின் ஒரு பகுதி. இன்று நல்ல கடைக்காரர் சிலர் அதை இப்படிச் செய்கிறார்கள்:

“அண்ணாச்சி, தூக்கமே வர மாட்டேங்குது. அமுக்கரா நூறு கிராம் குடுங்க.”

“குடுக்கேன்மா. வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா?”

“தைராய்டுக்குக் காலையில ஒண்ணு. வேற ஒண்ணும் இல்ல.”

“அப்ப இது இப்ப வேண்டாம்மா. அந்த டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. கசகசா கொஞ்சம் தாரேன், பால்ல அரைச்சுக் குடிங்க.”

நூறு கிராம் விற்பனையை விட்டுக்கொடுக்கும் இந்த ஒரு நிமிடப் பேச்சு, இணையத்தில் டப்பாவைத் தட்டி வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை.

அமுக்கரா என்ன செய்யும் என்பதற்கு நவீன ஆய்வுகள் ஓரளவு பதில் தருகின்றன. வேரில் உள்ள முக்கியச் சத்துகள் வித்தனோலைடுகள் எனப்படும் ஸ்டீராய்டு வகைச் சேர்மங்கள். ஹைதராபாத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் நெடுநாள் மன அழுத்தம் உள்ள 64 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேர்ச்சாற்றுச் செறிவு 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருவேளை, 60 நாள் கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வெறும் மாத்திரை. மருந்து எடுத்தவர்களிடம் மன அழுத்த மதிப்பெண் தெளிவாக இறங்கியது, இரத்தத்தில் கார்ட்டிசால் கால்பங்குக்கு மேல் குறைந்தது. தூக்கத்தைப் பற்றிய ஆய்வுகளும் இதே திசையில் போகின்றன: படுத்ததும் தூக்கம் பிடிக்கும் நேரம் சுருங்குகிறது, தூக்கமின்மை உள்ளவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிகிறது. 57 இளைஞர்களிடம் எட்டு வாரம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, உடற்பயிற்சியோடு இதை எடுத்தவர்களின் தசை வலு கூடியதாகச் சொல்கிறது. விந்தணு எண்ணிக்கை குறைந்த ஆண்களிடமும் சிறிய ஆய்வுகள் நடந்து நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன.

இவற்றை மதிக்க வேண்டும். அதோடு அளந்தும் பார்க்க வேண்டும். அநேகமாக எல்லா ஆய்வும் சில டஜன் பேரிடம், இரண்டு மூன்று மாதம் நடந்தவை. பல ஆய்வுகளுக்குச் செறிவைத் தயாரிக்கும் நிறுவனங்களே பொருளோ பணமோ கொடுத்தன. மூன்று மாதத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உறுதியான தரவு இல்லை. புற்றுநோயைக் குணமாக்கும், சர்க்கரையை ஒழிக்கும் என்றெல்லாம் விளம்பரம் சொல்வது சோதனைக்குழாயிலும் எலியிலும் பார்த்ததை மனிதருக்கு ஏற்றிச் சொல்வது. நோயாளியின் பயத்தில் காசு பார்க்கும் இந்தப் பேச்சு மன்னிக்கத் தக்கதன்று.

சிக்கல் பெரிதாவது செறிவு என்ற இடத்தில். வேரில் வித்தனோலைடு மிகக் குறைவு. விளையும் நிலம், ரகம், பிடுங்கும் பருவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். 0.3 சதம் என்று வைத்துக்கொண்டால் 3 கிராம் வேர்த்தூளில் 9 மில்லிகிராம் இருக்கும். சூரணத்தின் 1 கிராம் அமுக்கராவில் 3 மில்லிகிராம். ஐந்து சதச் செறிவில் 600 மில்லிகிராம் எடுக்கிறவருக்கு 30 மில்லிகிராம் போகிறது. இன்று 35 சதம் வரை செறிவூட்டிய சரக்கும் சந்தையில் இருக்கிறது. மேலும், வேரைத் தண்ணீரில் காய்ச்சும்போது இறங்கும் சத்து வேறு, ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் சத்து வேறு. பெயர் ஒன்றானாலும் இவை ஒரே மருந்து என்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘ஆயிரம் ஆண்டுப் பழக்கம்’ என்று டப்பாவின் மேல் அச்சிடும் நிறுவனம், அந்தப் பழக்கத்தில் இருந்த பால், பிட்டவியல், சேர்க்கைச் சரக்கு, சிறு அளவு, மண்டலக் கணக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. பழக்கத்தின் நற்பெயரை இந்தப் புதுப்பொருள் தன் சொந்தச் சோதனையில்தான் சம்பாதிக்க வேண்டும்.

இலைக் கலப்பு இதைவிடக் கவலைக்குரியது. அமுக்கரா இலையில் வித்தஃபெரின் ஏ என்ற சேர்மம் வேரைவிட மிகுதி. செல்களைக் கொல்லும் ஆற்றல் உள்ள சேர்மம் அது. புற்றுநோய் ஆய்வாளர்கள் அதை விரும்பிப் படிப்பதற்குக் காரணமும் அதுவே. நம் வழக்கத்தில் இலை கட்டிக்கும் வீக்கத்துக்கும் அரைத்துப் பற்றுப்போட மட்டும். இலை விலை குறைவு, சோதனைக்கூடத்தில் மொத்த வித்தனோலைடு அளவை உயர்த்திக் காட்டும். அதனால் செறிவு எடுக்கிறவர்களுக்கு இதில் ஆசை. 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகம் உற்பத்தியாளர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: இலையைத் தவிர்த்து, நூல்களில் சொன்ன வேரையே பயன்படுத்துங்கள் என்று. டப்பாவின் பின்புறம் ‘வேர்’ என்ற சொல் இல்லாமல் வெறும் செடிப்பெயர் மட்டும் இருந்தால் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

கல்லீரல் பாதிப்பை நாட்டு மருந்துத் துறையினர் பலர் கேட்கவே விரும்புவதில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா மாத்திரை எடுத்து மஞ்சள் காமாலை வந்த ஐவரைப் பற்றிய அறிக்கை 2020இல் வெளியாயிற்று. சாப்பிடத் தொடங்கி இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் காமாலையும் கடும் அரிப்பும் கண்டன. நிறுத்திய பிறகு எல்லோரும் தேறினார்கள். பிறகு இந்தியாவிலிருந்தும் இத்தகைய நோயாளிகளின் தொகுப்பு 2023இல் வந்தது. ஏற்கெனவே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தவர்களில் சிலர் அதில் இறந்தனர். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இது அரிது என்பது உண்மை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதும் உண்மை. ‘மூலிகை தானே, ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சைக் கடைக்காரரும் வைத்தியரும் அடியோடு விட்டொழிக்க வேண்டும். சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் போவது, உடம்பெங்கும் அரிப்பு, பசியின்மை, குமட்டல், வலப்பக்க விலாவுக்குக் கீழே கனம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே நிறுத்தி, கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காமாலை என்று கண்டு, அமுக்கராவையும் தொடர்ந்துகொண்டு கீழாநெல்லியை அரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். நோய்க்குக் காரணமானதை நிறுத்தாமல் எந்த மருந்தைக் கொடுத்தும் பயனில்லை. மது பழக்கம் உள்ளவர்கள், மஞ்சள் காமாலை வந்து மீண்டவர்கள், கல்லீரல் கொழுப்பு முற்றியவர்கள் தாமாக இதைத் தொடவே கூடாது.

தைராய்டு அடுத்தது. தைராய்டு சுரப்பு சற்றே குறைந்த 50 பேரிடம் எட்டு வாரம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் அமுக்கரா சுரப்பைக் கூட்டியது. சுரப்புக் குறைவுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தைராக்சின் மாத்திரை எடுக்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து அளவு மீறும். படபடப்பு, கைநடுக்கம், எடை இறக்கம் வரும். சுரப்பு மிகுந்தவருக்கு நேரடியாகவே தீங்கு. நெதர்லாந்திலிருந்து 2005இலேயே, அமுக்கரா எடுத்தபின் தைராய்டு மிகைப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பு வந்தது. தமிழ்நாட்டில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருப்பதால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது; உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைத் தொகுப்பும் அப்படியே சொல்கிறது. பாலூட்டுவோரும் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவற்றின் வேலையை அமுக்கரா கூட்டிவிடும். நோயெதிர்ப்பைத் தூண்டும் இயல்பு உள்ளதால் முடக்குவாதம், லூபஸ் போன்ற நோயாளிகளும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டக்கூடும் என்பதால் புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். வயிற்றுப்போக்கு, குமட்டல், மந்தம் ஆகியவை பலருக்கு வரும் சிறு தொல்லைகள். அளவைக் குறைத்தால் அல்லது உணவுக்குப் பின் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

டென்மார்க் 2023இல் அமுக்கராவை உணவுத் துணைப்பொருளாக விற்கத் தடை விதித்தது. கர்ப்பம், தைராய்டு, பாலியல் சுரப்பிகள் மீதான விளைவே அவர்கள் சொன்ன காரணம். நம் ஊரில் சிலர் இதை நாட்டு மருந்தின் மேல் தொடுத்த தாக்குதல் என்றார்கள். அப்படிப் பார்ப்பது தவறு. யாரும் கேள்வி கேட்காமல் பல்பொருள் அங்காடி அலமாரியில் விற்கும் பொருளுக்கு அவர்கள் வைத்த அளவுகோல் அது. இந்தியாவில் கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், ஆயுஷ் அமைச்சகத்தின் நெறிமுறை அமுக்கராவை 15 நாள் அல்லது ஒரு மாதம் என்று காலவரை குறித்தே பரிந்துரைத்தது. கடைகளில் மூட்டைகள் காலியாயின. காலவரையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

சட்டம் இந்த வேரை இரண்டு கண்ணால் பார்க்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்றால் 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ் மாநில உரிமம் வேண்டும். லேபிளில் உரிம எண், தயாரிப்பு எண், காலாவதித் தேதி, எந்த நூல்படி தயாரித்தது என்பது இருக்க வேண்டும். ஊட்டச்சத்துப் பொருளாக விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் போதும். இரண்டாவது வழியில் நோயைக் குணமாக்கும் என்று எழுத அனுமதி இல்லை. எழுதியிருந்தால் அந்தப் பொருளை நம்ப வேண்டாம். மூலிகைச் சரக்குக்கு ஈயம் 10 பிபிஎம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்ற உச்சவரம்பு உண்டு. ஒழுங்கான நிறுவனம் தயாரிப்பு எண்ணைச் சொன்னால் அந்தச் சோதனை அறிக்கையைக் காட்டும்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் மிச்ச மருந்தை எறிந்துவிடக் கூடாது. டப்பாவோடு, பொடியென்றால் பொட்டலத்தோடு, எப்போது தொடங்கியது, எவ்வளவு எடுத்தது, கூடவே என்னென்ன மாத்திரை என்ற குறிப்போடு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய நாடு தழுவிய கண்காணிப்புத் திட்டம் 2018 முதல் நடக்கிறது. சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் இடைநிலை மையம். மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் கடைக்காரரும் கூட அங்கே தெரிவிக்கலாம்.